நான் எழுதாத ஆறு கடிதங்கள்

மன்னிப்புக் கேட்பதற்காகக் கப்பல் ஏறிய முதல் நாகப்பட்டினத்துக்காரன் நானாகத்தான் இருக்க வேண்டும். மற்றவர்களெல்லாம் பிழைக்கப் போனார்கள்.

விஷயம் இதுதான். நாகையில் நாங்கள் சிலர் சேர்ந்து குழந்தைகளுக்கு ஓர் இலவச ஆஸ்பத்திரி நடத்துகிறோம். நான் வக்கீல்; ஆஸ்பத்திரிக்குச் செயலாளர். ஊர் ஊராகப் போய்ப் பேசி நன்கொடை திரட்டுவது என் பொறுப்பு. நான் மேடையேறினால் கல்லும் கரையும் என்று ஊரில் ஒரு பெயர் உண்டு. அதை முதலில் நம்பியவன் நான்தான். கொடுத்தவர்களின் பெயர், விலாசம், குடும்ப விவரம் எல்லாவற்றையும் கார்டுகளில் எழுதி அடுக்கி, வருஷத்துக்கு ஒருமுறை அவர்களுக்குக் கடிதம் போடுவது கோமதி அம்மாளின் வேலை. மருந்து அறைக்குப் பின்னால் ஜன்னலில்லாத ஓர் அறையில் அந்த அம்மாள் உட்கார்ந்திருப்பார். இத்தனை வருஷத்தில் அந்த அறைக்குள் நான் இரண்டு தடவை போயிருப்பேன். ஒரு தடவை மழைக்கு ஒதுங்கியது.

சித்திரை மாதம் மலாயாவிலிருந்து வந்த ஒருவர் சாப்பாட்டுப் பந்தியில் பேச்சோடு பேச்சாக, "மலாக்கா காஜா பெராங் கிருஷ்ணப் பிள்ளை செத்து ஆறு வருஷம் ஆச்சே" என்றார். போன வாரம்தான் 'அன்புள்ள கிருஷ்ணப் பிள்ளை அவர்களுக்கு' என்று தொடங்கும் கடிதத்தில் கையெழுத்துப் போட்டிருந்தேன். எழுந்து கை கழுவிய கையோடு நேரே அந்த அறைக்குப் போனேன். அது மூன்றாவது தடவை. டாக்டர், நர்ஸ், மருந்து கலக்குபவர் எல்லோரும் கேட்கும்படி கத்தினேன். "ஆறு வருஷமாகச் செத்தவருக்குக் கடிதம் போட்டிருக்கிறீர்களே, அந்தக் குடும்பம் நம்மைப் பற்றி என்ன நினைக்கும்?"

கோமதி அம்மாள் எழுந்து நின்றார். "கார்டுல இருக்குங்க ஐயா" என்றார். அவ்வளவுதான் சொன்னார். கார்டு படிக்க எனக்கு நேரமில்லை என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

கமிட்டி கூடித் தீர்மானித்தது இது: நன்கொடைக்காக எப்படியும் மலாயா போக வேண்டிய நான், முதலில் மலாக்காவுக்குப் போய் அந்தக் குடும்பத்திடம் நேரில் மன்னிப்புக் கேட்பது. அங்கிருந்து நான் எழுதும் கடிதத்தை வைத்து கோமதி அம்மாளை வேலையில் வைப்பதா நீக்குவதா என்று முடிவு செய்வது. கடிதத்தில் என்ன எழுதுவேன் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. அந்த நாற்காலிக்குப் பொருளாளரின் மைத்துனி மகளைப் பார்த்தும் வைத்துவிட்டார்கள்.

மலாக்காவில் எனக்கு இடம் கொடுத்தவர் சின்னசாமி. தபால் ஆபீசில் குமாஸ்தா. அப்பா இங்கே கித்தா என்று சொல்லும் ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டியவர். மகன் படித்து உத்தியோகத்துக்கு வந்து புக்கிட் பாருவில் மரவீடு கட்டியிருக்கிறார். முதல் நாள் காலை என் கையில் கோப்பியைக் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார்.

"பசியாறுங்கய்யா. ஒண்ணு கேக்கணும். போன வருஷம் எழுதியிருந்தீங்களே, அந்தக் கட்டை ஊனி நடக்கிற பையன் இப்ப எப்படி இருக்கான்?"

எந்தப் பையன் என்று எனக்குத் தெரியவில்லை. தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் பழக்கம் வக்கீல்களுக்கு இல்லை. "நன்றாக இருக்கிறான்" என்றேன்.

"பந்து ஒதைக்கிறானா?"

"உதைக்கிறான்."

அந்த மனிதரின் முகம் அப்படி மலர்ந்தது. "உங்க கடிதத்தையெல்லாம் நான்தாய்யா கிருஷ்ணப் பிள்ளை வீட்டுக்குப் படிச்சுக் காட்டுறது. தமிழ்ல படிச்சு மலாய்ல சொல்லுவேன். என்ன எழுத்துய்யா! எங்க வீட்டுக்காரி அழுதுருவா." நான் அடக்கமாகச் சிரித்துக்கொண்டேன். புகழ்ச்சி எங்கிருந்து வருகிறது என்று விசாரிக்கிற ஆள் இல்லை நான்.

கிருஷ்ணப் பிள்ளையின் வீட்டார் செட்டிகள். நம் ஊர் வட்டிக்கடைச் செட்டியார்களோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. பல நூறு வருஷத்துக்கு முன்னால் வியாபாரத்துக்கு வந்து, இங்கேயே பெண்ணெடுத்து, இங்கேயே தங்கிவிட்ட இந்துக்கள். வாசலில் மாவிலைத் தோரணம், பின்னால் மாரியம்மன் கோயில், நெற்றியில் திருநீறு. பேசுவது மட்டும் மலாய். பெண்கள் சாரோங் கட்டி, மேலே பூ வேலை செய்த மெல்லிய சட்டை போடுகிறார்கள். தமிழ் மறந்து எத்தனையோ தலைமுறை ஆகிவிட்டது. எங்கள் தெருவில் பத்து வருஷம் பம்பாயில் இருந்துவிட்டு வந்தவன் சாமி கும்பிடக் கூச்சப்படுகிறான். மொழி போயும் சாமியை விடாத ஜனங்களை நான் அதுவரை பார்த்ததில்லை.

அவர்கள் வீட்டுக்கு நான் எதற்காகப் போகிறேன் என்பதை சின்னசாமியிடம் சொல்லவில்லை. நம் ஆபீஸ் அழுக்கைக் கடல் தாண்டியா வந்து துவைப்பது என்று ஒரு எண்ணம்.

இரண்டாம் நாள் டிரைஷா என்கிற மூன்று சக்கர சைக்கிள் வண்டியில் கிளம்பினோம். பக்கத்துத் தொட்டியில் எங்கள் இரண்டு பேரின் பாரம். எலும்பும் தோலுமாக ஒரு சீனக் கிழவர் மிதிக்கிறார். எனக்குக் குற்ற உணர்ச்சியாக இருந்தது. அது அதிக நேரம் நீடிக்கவில்லை. மழை பிடித்துக்கொண்டது, சங்கிலி கழன்றது, வண்டி ரோட்டோரத்துக் கால்வாய்ப் பக்கம் சாய்ந்தது. கிழவர் இறங்கி ஏதோ சொன்னார்.

"'குண்டு ஐயா மட்டும் கொஞ்சம் இறங்கினா போதும்'ங்கிறாரு" என்றார் சின்னசாமி.

நனைந்துகொண்டே நின்றேன். எதிரே ஒரு தையற்கடை. உள்ளே மூன்று மெஷின்கள் ஓயாமல் ஓடிக்கொண்டிருந்தன. எல்லாவற்றிலும் ஒரே துணி, புது மலாயாக் கொடி. இன்னும் இரண்டு மாதத்தில் சுதந்திரம். ஒரு மெஷினில் சீனர், ஒன்றில் மலாய்க்காரர், ஒன்றில் நம்மவர். நம்மவர் என் வேட்டியைப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டார். "ஊருலேர்ந்தா? உங்களுக்குச் சுதந்திரம் வந்தப்போ கொடி எத்தன நாளைக்கு முன்னாடி தைச்சீங்க?" நான் அந்த நாளில் பேச்சைத் தயாரித்துக்கொண்டிருந்தேன். கொடியை யாரோ தைத்திருக்கிறார்கள். இல்லாவிட்டால் எப்படி ஏற்றியிருப்போம்?

காஜா பெராங் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது மாலை நாலு மணி. வீடு முழுக்க ஆட்கள். கூடத்தில் குவியல் குவியலாகப் பழங்கள்: ரம்புத்தான், மங்குஸ்தீன், துரியான். துரியானின் வாடை வாசலிலேயே வந்து சட்டையைப் பிடித்தது. கிருஷ்ணப் பிள்ளையின் மகள் தெய்வானை வந்து கைகூப்பினார். நாற்பத்தைந்து வயதிருக்கும். என்னைக் கண்டதும் வீட்டிலிருந்த அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள். யார் யாரோ என் காலைத் தொட்டார்கள்.

இவ்வளவு மரியாதையை வாங்கிக்கொண்டு மன்னிப்புக் கேட்பது சிரமம். ஆனாலும் வழக்காடிப் பழகிய குரல் கைகொடுத்தது. எழுந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னேன்: "உங்கள் தகப்பனார் காலமான பிறகும் அவர் பெயருக்கே கடிதம் அனுப்பி உங்கள் மனத்தைப் புண்படுத்திவிட்டோம். அது எங்கள் ஆபீசில் ஒருவரின் கவனக்குறைவு. மன்னிக்க வேண்டும். அவர் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுகிறோம். இனி அவருக்குக் கடிதம் வராது."

சின்னசாமி மொழிபெயர்க்கவில்லை. என்னையே பார்த்தார். "ஐயா, இதச் சொல்லணுமா?"

"இதற்காகத்தானே வந்தேன். சொல்லுங்கள்."

சொன்னார். தெய்வானை கையிலிருந்த ரம்புத்தான் தட்டைக் கீழே வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்தார். பிறகு மலாயில் ஏதோ கேட்டார். சின்னசாமி தரையைப் பார்த்தபடி சொன்னார்:

"'எங்க அப்பா என்ன தப்புப் பண்ணினார்?'னு கேக்குறாங்க."

நான் உட்கார்ந்துவிட்டேன். பிறகு சின்னசாமிதான் எனக்கு விளக்கினார். அன்று அவர்களுக்குப் பார்ச்சு. வருஷத்தில் இரண்டு தடவை, பொங்கலை ஒட்டி ஒன்று, பழக்காலத்தில் ஒன்று, முன்னோருக்கு இலை போட்டுப் படைக்கும் நாள். கிருஷ்ணப் பிள்ளை போருக்கு முன்னால் நாகைக்கு வந்து எங்கள் ஆஸ்பத்திரியைப் பார்த்துவிட்டுப் போனவர். அவர் இறந்ததும் குடும்பத்தார் எங்களுக்கு எழுதினார்களாம்: 'அப்பா பெயரில் நாங்கள் தொடர்ந்து கொடுப்போம், நீங்கள் அப்பாவுக்கே எழுதுங்கள், பழக்காலப் பார்ச்சுக்கு முன்னால் வந்து சேரட்டும்.' ஆறு வருஷமாகக் கடிதம் தவறாமல் வந்திருக்கிறது. பார்ச்சு அன்று அதைப் பிரித்து, குடும்பமே உட்கார்ந்து கேட்டுவிட்டு, அப்பாவின் இலையோரம் வைத்துவிடுவார்கள். ஆறாவது கடிதம் பிரிக்காமல் கூடத்து மேஜையில் இருந்தது. ஓரத்தில் என் ஆஸ்பத்திரியின் முத்திரை.

'கார்டுல இருக்குங்க ஐயா.' கோமதி அம்மாள் சொன்னது இதைத்தான்.

"நான் சொன்னது தப்பு. வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். கடிதம் வரும்" என்றேன். கோர்ட்டில்கூட இவ்வளவு அவசரமாக எதையும் வாபஸ் வாங்கியதில்லை. தெய்வானையின் முகம் தெளிந்தது. உடனே மேஜையிலிருந்த கடிதத்தை எடுத்து வந்து என் கையில் கொடுத்தார். எழுதியவரே வந்திருக்கும்போது இந்த வருஷம் அவரே படிக்கட்டும் என்று சொன்னார்களாம்.

பிரித்தேன். அடியில் என் கையெழுத்து, வால் நீட்டி, கம்பீரமாக. மேலே இருந்த நாலு பக்கத்தை நான் அப்போதுதான் முதல் தடவையாகப் பார்க்கிறேன்.

'அன்புள்ள கிருஷ்ணப் பிள்ளை அவர்களுக்கு. தாங்கள் இருக்கும் இடத்தில் இங்கே நடப்பது தெரிந்திருக்கக்கூடும். ஆனாலும் சொல்ல வேண்டியவர்கள் சொல்வதுதான் முறை. வாசலில் தாங்கள் பார்த்த வேப்பமரம் போன புயலில் ஒரு கிளை முறிந்தது. மரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. முறிந்த கிளையில் செய்த கட்டையைத்தான் செல்லமுத்து இப்போது ஊன்றி நடக்கிறான். நடக்கிறான் என்று எழுதுகிறேனே தவிர, நேற்று அவன் கட்டையைத் தூர எறிந்துவிட்டுப் பந்தை உதைத்து, தானும் விழுந்தான். விழுந்ததற்கு அழவில்லை. பந்து சுவரைத் தாண்டியதற்குச் சிரித்தான். நர்ஸ் அவனைத் திட்டிவிட்டு, வராந்தாத் தூணுக்குப் பின்னால் போய் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்…'

அதற்கு மேல் படிக்க முடியவில்லை. இருபது வருஷமாக மேடையில் பேசியிருக்கிறேன். ஒரு குழந்தையின் பெயரைச் சொல்லிப் பேசியதில்லை. பேசுவதற்கு ஒரு பெயராவது தெரிந்திருக்க வேண்டுமே! ஜன்னலில்லாத அறையில் உட்கார்ந்து இதையெல்லாம் அந்த அம்மாள் எப்படிப் பார்த்தார்? நான் அசந்துபோனேன். மிச்சத்தை சின்னசாமி வாங்கிப் படித்தார். குழந்தைகளெல்லாம் அசையாமல் கேட்டன.

படித்து முடிந்ததும் நான் சொன்னேன். "இதை நான் எழுதவில்லை. ஆறில் எதையுமே நான் எழுதவில்லை. கோமதி அம்மாள் என்பவர் எழுதினார். நான் கவனக்குறைவு என்று சொன்னது அவரைத்தான்."

"கையெழுத்து?" என்று சின்னசாமி மூலம் கேட்டார் தெய்வானை.

"என்னுடையது."

"படிக்காமலா போட்டீர்கள்?"

"படிக்காமல்தான்."

அவர் சின்னசாமியிடம் திரும்பி என்னவோ சொன்னார். பெண்கள் பக்கம் சிரிப்பு கிளம்பியது. சின்னசாமி மென்று விழுங்கினார். பரவாயில்லை சொல்லுங்கள் என்றேன்.

"'நல்லவேளை இவ்வளவு தூரம் வந்தாரு, இல்லன்னா எப்பதான் படிச்சிருப்பாரு'ன்னு சொல்றாங்க."

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அழுகையும்தான்.

விளக்கு வைக்கிற நேரத்தில் கூடத்தில் வரிசையாக ஏழு இலைகள் போட்டார்கள். தேங்காய்ப்பாலில் வெந்த சோறு, புளி விட்ட மீன் குழம்பு, மிளகாயும் இறாலும் இடித்த சம்பால், ஒவ்வொரு இலைக்கும் எல்லாப் பழமும். மீன் பிடிக்கிற ஊர்க்காரன் நான். அந்தக் குழம்பின் வாசனைக்கு முன்னால் எங்கள் ஊர் தோற்றது என்று எழுதுவதில் எனக்கு வெட்கமில்லை. அப்பாவின் இலையோரம் கடிதத்தை மடித்து வைத்தார் தெய்வானை. சாம்பிராணி போட்டார்கள். பிறகு எல்லோரும் முற்றத்துக்கு வந்து, கதவைச் சாத்திவிட்டு, பேசாமல் நின்றோம். உள்ளே அவர்கள் சாப்பிடட்டும் என்று காத்திருக்கிறார்கள். நாற்பது பேர், கைக்குழந்தை உட்பட, ஒரு சத்தமில்லை. நான் சடங்குகளில் அதிகம் நம்பிக்கை உள்ளவன் அல்ல. அன்று அந்தச் சாத்திய கதவையே பார்த்துக்கொண்டு நின்றேன். உள்ளே யாரும் இல்லை என்று அடித்துச் சொல்ல என்னால் முடியாது.

அப்புறம் சாப்பாடு. துரியானையும் சாப்பிட்டேன். முதல் சுளை கஷ்டமாக இருந்தது. நாலாவது சுளையில் கையைப் பிடித்து நிறுத்தினார்கள்.

மூன்றாம் நாள் காலை தபால் ஆபீஸ் திறந்ததும் கமிட்டிக்குத் தந்தி அடித்தேன். 'தவறு என்னுடையது. கோமதி அம்மாள் இருக்க வேண்டும். இல்லையேல் நானும் இல்லை.' பிறகு உட்கார்ந்து கோமதி அம்மாளுக்கு விமானத் தபாலில் எட்டுப் பக்கம் எழுதினேன். அவருக்கு நான் எழுதிய முதல் கடிதம். வீடு, பழம், இலை, சாம்பிராணி, சாத்திய கதவு ஒன்றையும் விடவில்லை. எல்லோர் முன்னாலும் கத்தியதற்கு எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்பதாகவும் எழுதினேன். என் எழுத்திலேயே உருக்கமானது அதுதான் என்று எனக்கே தோன்றியது.

அடுத்த எட்டு நாளும் கூட்டங்கள். பத்து பெரெண்டாம் என்ற ஊரில் ஒரு வீட்டு முற்றத்தில் பேசும்போது தலைக்கு மேலே விமானம் இறங்கி, என் உச்சக்கட்ட வாக்கியத்தை விழுங்கிவிட்டது. மறுபடி ஆரம்பிக்க மனம் வரவில்லை. சின்னசாமி அந்த வீட்டிலிருந்து வாங்கி வைத்திருந்த பழைய கடிதம் ஒன்றை எடுத்துப் படித்தேன். எழுதியவர் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் படித்தேன். முடிந்தபோது கைதட்டல் இல்லை. எல்லோரும் என்னைச் சுற்றி வந்து அதில் வந்த குழந்தையைப் பற்றி விசாரித்தார்கள். அன்று முதல் பேச்சைச் சுருக்கிக்கொண்டேன். உஜோங் பாசிரில் கடலோரமாக நடந்தபோது, போர்த்துகீசிய வம்சத்து மீனவர் ஒருவர் வலையில் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். இந்த ஊரில் யார் எங்கிருந்து வந்தார்கள் என்று கேட்டால் பொழுது போதாது. எங்கிருந்தோ வந்து, எதையோ விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

பன்னிரண்டாம் நாள் பதில் வந்தது. கமிட்டியிடமிருந்து ஒரு வரி: 'அவர் இருப்பார்.' கோமதி அம்மாளிடமிருந்து ஒரே பக்கம். அதிலும் பாதி காலி.

'மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் கடிதம் கிடைத்தது. காஜா பெராங் வீட்டில் ஏழு இலை போட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அவர்கள் நமக்கு எழுதிய கடிதத்தில், இலை போடும் முன்னோர் என்று அப்பாவோடு சேர்த்து ஆறு பெயர்தான் கொடுத்திருக்கிறார்கள். கார்டிலும் ஆறுதான். ஏழாவது இலை யாருக்கு என்று கேட்டு எழுதவும். செல்லமுத்து நலம். இப்படிக்கு, கோமதி.'

எனக்குக் கோபம் வந்தது. எட்டுப் பக்கத்துக்கு இதுவா பதில்? மன்னித்தேன் என்று ஒரு சொல் எழுதினால் மை தீர்ந்துவிடுமா? கடிதத்தை மேஜையில் போட்டுவிட்டு முற்றத்தில் நாலு நடை நடந்தேன். நடக்க நடக்கக் கோபம் இறங்கியது. ஏழு என்று எண்ணியவன் நான். யாருக்கென்று கேட்கத் தோன்றாதவனும் நான். கப்பலேறி வந்து, பக்கத்தில் நின்று பார்த்தவனுக்குத் தெரியாதது, கடலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரிகிறது.

சின்னசாமியைக் கூட்டிக்கொண்டு போனேன். இந்தத் தடவை நடந்தே போனோம். தெய்வானை கூடத்தில் உட்கார்ந்து சட்டைக்குப் பூ வேலை செய்துகொண்டிருந்தார். கேட்டேன். அவர் ஊசியை நிறுத்தவில்லை. ஓர் இதழைத் தைத்து முடித்து, நூலைப் பல்லால் கடித்துவிட்டுத்தான் பேசினார். சின்னசாமி மெதுவாகச் சொல்லிக்கொண்டு வந்தார்.

"என் தம்பி ராஜூ. ஜப்பான்காரன் காலத்துல சயாம் ரயில் வேலைக்குப் பிடிச்சிட்டுப் போனாங்க. போனவங்கள்ல கொஞ்சம் பேர் திரும்பி வந்தாங்க. அவன் வரல. செத்துட்டான்னும் யாரும் வந்து சொல்லல. அப்பா இருந்த வரைக்கும் அவனுக்கு இலை போட விடல. 'எம் மகன் வருவான், செத்தவங்களோட உக்கார வைக்காதே'ன்னாரு. அப்பா போனப்புறம் நான்தான் போடுறேன். பசியோட இருப்பானேன்னு போடுறேன். ஆனா பேரை எழுதி அனுப்பக் கை வரல. எழுதிட்டா செத்துட்டான்னு நானே சொன்ன மாதிரி ஆயிடும்."

சின்னசாமிக்கே இது புதிது. ஆறு வருஷம் அந்த வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து கடிதம் படித்தவர் அவர்.

"இதைக் கேட்கச் சொன்னது நீங்களா, அந்த அம்மாவா?" என்று கேட்டார் தெய்வானை.

"அந்த அம்மாள்தான். எனக்குக் கேட்கத் தெரியவில்லை."

அவர் ஊசியைத் துணியில் குத்தி வைத்தார். கண்ணைத் துடைத்துக்கொள்ளவும் இல்லை, மறைக்கவும் இல்லை. பிறகு மலாயில் என்னைப் பார்த்தே சொன்னார். சின்னசாமி தமிழில் சொல்லச் சொல்ல, நான் அவர் பக்கம் திரும்பாமலே கேட்டேன்.

"அவங்களை என் தம்பிக்கும் ஒரு கடிதம் போடச் சொல்லுங்க. இருக்கான், இல்லன்னு ஒண்ணும் எழுத வேணாம். அந்தப் பையன் பந்து ஒதைக்கிறதை எழுதினாப் போதும். பார்ச்சு வரைக்கும் பிரிக்காம வச்சிருப்பேன். அதுக்குள்ள வந்துட்டான்னா, அவனே பிரிச்சுப் படிப்பான்."

பென்சிலை எடுத்தேன். பெயர் ராஜூ, விலாசம் இந்த வீடு என்று எழுதிக்கொண்டேன். வேறு எதுவும் எழுதவில்லை.